பட்டியலில் 41 நூல், மேசையில் ஒன்பது

ஐயா, கும்பகோணத்தில் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உத்திரமேரூரை வைத்துச் சோழர் கால ஊராட்சி பற்றி ஆய்வேடு எழுதினேன். மென்பொருளில் சோதித்ததில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 34 சதவீதம் என்று அறிக்கை வந்ததாகச் சொல்லி நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். துணைநூற்பட்டியலில் 41 நூல்கள் போட்டிருக்கிறேன். அப்படியும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘ஆதாரம் எங்கே?’ என்று எழுதியிருக்கிறார். சபை உறுப்பினரின் வயது ஓரிடத்தில் 30–60 என்றும் இன்னோரிடத்தில் 35–70 என்றும் வந்திருக்கிறதாம். அடுத்த மாதம் கருத்தரங்கில் இதையே ஏழு நிமிடம் பேச வேண்டும். உரைக்குறிப்பிலும் ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள். மேடையில் பக்க எண்ணைப் படித்துக்கொண்டிருந்தால் யார் கேட்பார்கள்? நான் யாருடைய எழுத்தையும் திருடவில்லை. எல்லாம் படித்து எழுதியதுதான். ஆய்வேட்டில் பத்துப் பக்கம், துணைநூற்பட்டியல், உரைக்குறிப்பு மூன்றையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் திருடவில்லை என்பதற்கு அந்த வயதுக் குழப்பமே சாட்சி. ஒரே நூலைப் பார்த்து எழுதியிருந்தால் இந்த முரண்பாடு வந்திருக்காது. இரண்டு மூன்று நூல்களைப் புரட்டியிருக்கிறீர்கள். எதை எதில் பார்த்தோம் என்று குறித்துக்கொள்ளாமல் புரட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த வயதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இரண்டும் சரி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை பற்றி, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சபைக்கு ஆள் எடுத்த முறை பற்றி, ஒன்றல்ல, இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, 921. முதல் கல்வெட்டு 30-க்குக் குறையாமல் 60-க்கு மேற்படாமல் என்கிறது. இரண்டே ஆண்டில் சபை மறுபடி கூடி விதிகளைத் திருத்தியபோது அது 35–70 ஆகிவிட்டது. பாடநூல்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும். நீங்கள் எங்கோ முதலாவதையும் படித்திருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே ‘919 கல்வெட்டு, இன்ன நூல், இன்ன பக்கம்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் உங்கள் நெறியாளர் சிவப்பு மையை எடுத்திருக்கவே மாட்டார். எதிர்க்கேள்விதான் கேட்டிருப்பார்: இரண்டு வருடத்தில் ஏன் திருத்தினார்கள்? அதற்கு விடை தேடினால் உங்களுக்கு ஓர் இயலே கிடைத்திருக்கும். ஆதாரத்தை விட்டதால், கண்டுபிடிப்பாக வந்திருக்க வேண்டியது பிழையாக வந்து நிற்கிறது.

இனி அந்த 41 நூல்கள். கல்லூரி நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் மாணவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் எத்தனை உங்கள் மேசைக்கு வந்தன? பத்துப் பக்கங்களைப் படித்ததில் என் கணக்கு எட்டு அல்லது ஒன்பது. மீதி எல்லாம் அந்த ஒன்பது நூல்களின் கடைசிப் பக்கங்களிலிருந்து உங்கள் பட்டியலுக்குக் குடிபெயர்ந்தவை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. நான் பார்த்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். பட்டியல் நீண்டால் மதிப்பு கூடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

துணைநூற்பட்டியல் ஆதாரம் ஆகாது. மொய் நோட்டில் பெயரை மட்டும் வரிசையாக எழுதிவிட்டுத் தொகையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? வந்தவர்கள் யார் என்று தெரியும், யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாது. திரும்பச் செய்ய வேண்டிய நாளில் அந்த நோட்டால் பயனில்லை. எந்த வாக்கியம் எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அந்த வாக்கியத்தின் அருகிலேயே சொல்ல வேண்டும். அதன் முழு முகவரியைத் தருவதற்குத்தான் கடைசியில் பட்டியல்.

எதைச் சொல்வது என்பதற்கு நான் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கண் எதைப் பார்த்ததோ அதை. உங்கள் பட்டியலில் இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கை இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் வெங்கையா விரிவாக எழுதிய அறிக்கை அது. பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் நூலில் அதைப் பற்றிப் படித்தீர்கள் என்றால், அடிக்குறிப்பில் அப்படியே சொல்லுங்கள்: ‘வெங்கையா, தொல்லியல் துறை ஆண்டறிக்கை 1904–05, எடுத்துக்காட்டியவர் நீலகண்ட சாஸ்திரி, இன்ன நூல், ப. இன்னது.’ துணைநூற்பட்டியலில் சாஸ்திரி மட்டும் வரட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெங்கையாவைச் சாஸ்திரி தவறாகச் சுருக்கியிருந்தால் அந்தத் தவறு உங்கள் தலையில் விழாது என்ற லாபமும் உண்டு. ஆனால் ஆய்வேட்டின் தலைப்பே உத்திரமேரூர் என்னும்போது, அந்த அறிக்கையை ஒருமுறையாவது தேடிப் பார்த்துவிடுங்கள். தொல்லியல் துறையின் பழைய ஆண்டறிக்கைகள் பல இணையத்தில் ஸ்கேன் செய்த படிகளாகவே கிடைக்கின்றன.

பதிப்பிலும் ஒரு கண் இருக்கட்டும். சாஸ்திரியின் சோழர் வரலாறு முதலில் 1935-இலும் 1937-இலும் பகுதி பகுதியாக வந்தது. திருத்திய பதிப்பு 1955-இல் வந்தது. பழையதன் பக்கமும் புதியதன் பக்கமும் ஒத்துப்போகா. நீங்கள் பட்டியலில் 1935 என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் கல்லூரி நூலகத்தில் 1935 பதிப்பு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். கையில் இருந்த புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் திறந்து அங்கே இருக்கும் ஆண்டை எழுதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் அதைச் சொல்லி, மொழிபெயர்த்தவர் பெயரையும் சேருங்கள். பக்க எண்ணும் அதன்படியே இருக்க வேண்டும்.

சில நூல்களுக்குப் பக்க எண் தேவையே இல்லை. திருக்குறளுக்குக் குறள் எண், புறநானூற்றுக்குப் பாடல் எண், தொல்காப்பியத்துக்கு அதிகாரமும் இயலும் நூற்பா எண்ணும் போதும். கல்வெட்டென்றால் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும். எந்தப் பதிப்பை எடுத்தாலும் படிப்பவர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் உரையாசிரியர் சொன்ன கருத்தை எடுத்தால் உரையாசிரியர் பெயர், பதிப்பு, பக்கம் மூன்றும் வேண்டும். ‘புறம். 192’ என்று எழுதிவிட்டு உரையில் இருப்பதைப் பாட்டில் இருப்பதுபோல் காட்டுவது நம் தமிழ் ஆய்வேடுகளின் தீராத நோய்.

ஆதாரத்தை அரைகுறையாகச் சொன்னால் பின்னால் வருபவர் படும் பாட்டுக்கு உ. வே. சாமிநாதையரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள் மேல் மேற்கோளாக வருகிறது. எந்த நூல் என்று பெயர் சொல்வதில்லை. ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுகிறார். அந்தப் பிறர் யார் என்று தெரியாமல் ஐயர் திண்டாடியதைத் தம் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். ஏடு ஏடாகத் தேடிச் சங்க நூல்களைப் படித்த பிறகுதான் அந்த வரிகள் எங்கிருந்து வந்தவை என்பது துலங்கியது. நச்சினார்க்கினியரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்துப் படிப்பாளிக்கு அந்த வரிகள் மனப்பாடம். உங்கள் நெறியாளருக்கு நீங்கள் படித்த ஒன்பது நூல்கள் மனப்பாடமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா?

34 சதவீதத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை: ஆறு மாதத்துக்கு மிகாமல் தரும் கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-ஐத் தாண்டி 60 வரை என்றால் ஓராண்டு திருத்திக் கொடுக்கவே தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நீங்கள் முதல் நிலையில் நிற்கிறீர்கள், பயப்பட வேண்டாம். ஆதாரம் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. உங்கள் அறிக்கையில் 41 நூல் பட்டியலும் சேர்ந்திருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். அதை நீக்கினாலே சதவீதம் கொஞ்சம் இறங்கும்.

ஆனால் சதவீதத்தை இறக்குவதையே வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருள் தன்னிடம் இருப்பதோடுதான் ஒப்பிடும். இணையத்தில் ஏறாத பழைய தமிழ் நூலிலிருந்து இருபது பக்கத்தை அப்படியே இறக்கினாலும் பூச்சியம் காட்டலாம். அதை நெறியாளர் கண்டுபிடிப்பார், இல்லை வாய்மொழித் தேர்வுக்கு வருபவர் கண்டுபிடிப்பார்.

சதவீதம் ஏறியது எங்கே என்று நீங்கள் அனுப்பிய பக்கங்களிலேயே தெரிகிறது. ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (குடும்பு என்பது ஊரின் ஒரு பிரிவு): ‘உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான்.’ நீங்கள் செய்வது, ‘பிரிக்கப்பட்டிருந்தது’ என்பதைப் ‘பகுக்கப்பட்டிருந்தது’ என்றும், ‘இடப்பட்டன’ என்பதைப் ‘போடப்பட்டன’ என்றும் மாற்றுவது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஆதாரம் போட்டாலும் இது சொந்த எழுத்தாகாது. புத்தகத்தை மூடிவிடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அது சொன்னதில் உங்கள் வாதத்துக்கு எது வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள். இப்படி வரலாம்: ‘வாக்கு எண்ணிக்கை என்ற ஒன்றே இங்கு இல்லை. யாருக்குத் தகுதி உண்டு என்பதைச் சபை முடிவு செய்தது. தகுதியானவர்களில் முப்பது குடும்புக்கும் ஆளைத் தேர்ந்தது ஒரு சிறுவனின் கைக்கு அகப்பட்ட ஓலை.’ தகவல் அவருடையது, ஆகவே பக்க எண்ணோடு ஆதாரம் போட வேண்டும். பார்வை உங்களுடையது. மூல ஆசிரியரின் சொற்களே வேண்டும் என்று தோன்றினால் ஒற்றெழுத்துக்கூட மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

ஆதாரக் குறிப்பை எந்த முறையில் எழுதுவது, எம்.எல்.ஏ.வா, ஏ.பி.ஏ.வா, சிகாகோவா என்பதைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் கடைசிப் பக்கம் வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று உயிரை விட வேண்டாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கில வழக்கப்படி தலைகீழாக்கும்போதுதான் கூத்து நடக்கிறது. ‘உ. வே., சாமிநாதையர்’ என்று தலைப்பெழுத்தை முன்னால் நிறுத்தி அதற்குப் பின் காற்புள்ளி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘சாமிநாதையர், உ. வே.’ என்று எழுதினால் போதும். துணைநூற்பட்டியலைத் தொகுத்துத் தரும் ஸோட்டீரோ போன்ற இலவச மென்பொருளில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் இயற்பெயரையும், முதற்பெயர் கட்டத்தில் தலைப்பெழுத்தையும் போடுங்கள், வரிசை தானாகச் சரியாக வரும்.

முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று காட்டும் ‘மேலது’ என்ற சொல்லைக் கடைசி வரைவு வரைக்கும் தொடாதீர்கள். எழுதும்போது பத்திகளை மேலும் கீழும் நகர்த்துவோம். நகர்த்திய பிறகு ‘மேலது, ப. 45’ வேறு யாருடைய புத்தகத்தையோ காட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் ஏழாம் பக்கத்தில் அதுதான் நடந்திருக்கிறது. ஆசிரியர் பெயரையும் நூலின் சுருக்கப் பெயரையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். எல்லாம் முடிந்த அன்று வேண்டுமானால் ‘மேலது’ ஆக்கிக்கொள்ளலாம். பட்டு அறிந்தவன் சொல்கிறேன். நான் ஆய்வேடு எழுதிய காலத்தில் குறிப்பட்டையில் மேற்கோளை அழகாக எழுதிவிட்டுப் பக்க எண்ணை விட்டுவிட்டேன். ஒரே ஒரு வரிக்காக அறுநூறு பக்கப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினேன். கடைசியில் அது அந்தப் புத்தகத்திலேயே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் பட்டியலில் 17, 23, 30 ஆகிய மூன்று நூல்களை நான் எந்த நூலக அட்டவணையிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாட்ஜிபிடி போன்ற ஒன்றிடம் ‘இந்தத் தலைப்புக்கு நூல்கள் சொல்’ என்று கேட்டீர்களா? அது ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் கச்சிதமாகப் போட்டு, இல்லாத புத்தகத்தைச் சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது சொன்ன இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தேடுவதற்கு ஒரு நூல் பெயர் கிடைத்தது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்தால் பட்டியலில் ஏற்றுங்கள். அந்த மூன்றையும் இன்றே அடித்துவிடுங்கள். ஒப்புமை 34 சதவீதம் என்பதைத் திருத்த வழி உண்டு. இல்லாத நூலை ஆதாரமாகக் காட்டியதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

இனி மேடை. பக்க எண்ணை மேடையில் சொல்ல வேண்டாம். அது உரைக்குறிப்பின் ஓரத்தில் இருக்கட்டும். கேள்வி நேரத்தில் யாராவது எழுந்து ‘இது எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும்போது கண் அங்கே போனால் போதும். கேட்பவருக்குத் தேவை மூன்று: யார் சொன்னது, எதில், எப்போது. அதையும் செய்திக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். செய்தியைச் சொல்லிக் கைதட்டு வாங்கிய பிறகு ‘இது இன்னாருடைய நூலில் உள்ளது’ என்றால் அது யார் காதிலும் விழாது.

உங்கள் குறிப்பில் இப்படி இருக்கிறது (வேலி என்பது பழைய நில அளவு): ‘சபை உறுப்பினராக 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும் (ஆதாரம்: நூல் 4).’ மேடையில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டு வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் உட்கார வேண்டுமானால் 35 வயது ஆகியிருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும் என்கிறது அது.’ இதில் ஆதாரம் எது, பேச்சு எது? சுவரையும் ஆண்டையும் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். சபையோர் தூங்கிவிடுவார்கள் என்று நீங்கள் பயந்த பகுதிதான் அவர்களை எழுப்பும்.

‘உலகிலேயே முதல் ஜனநாயகத் தேர்தல் நடந்த மண்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். ஆதாரம் காட்டாத இடங்களில் எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஏதென்சில் சீட்டுப் போட்டு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உத்திரமேரூரோ ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்குத்தான் அங்கே ஓலை எழுதினார்கள். இதைச் சொன்னால் உத்திரமேரூரின் பெருமை குறையாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஓர் ஊர் தன் விதிகளைத் தானே எழுதி, இரண்டே வருடத்தில் திருத்தி, இரண்டையும் கல்லில் வெட்டி வைத்ததே போதுமான அதிசயம்.

முடிவில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் வேறு வருகிறார்: ‘உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்.’ பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்த ஆண்டுகளில் இந்த வரியை நான் கேட்காத போட்டியே இல்லை. அது வால்டேர் சொன்னதல்ல. ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906-இல் வெளியான தம் நூலில், வால்டேரின் மனப்போக்கு இது என்று காட்டத் தாமே எழுதிய வாக்கியம். ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ என்பதைப் பாரதியார் தலையில் கட்டுவதும் இந்த வகைதான். அது பாரதிதாசன் வரி. பெரியவர் பெயரோடு வரும் வரி எதுவானாலும் அவருடைய நூலில் கண்ணால் பார்க்காமல் மேடையேற்றாதீர்கள்.

எழுத்தறிவு பற்றிய புள்ளிவிவரத்தையும் சரிபாருங்கள். தமிழ்நாட்டுக்கு 2011 கணக்கெடுப்பின்படி 80.33 சதவீதம் என்று வைத்திருக்கிறீர்கள். அது அந்த ஆண்டு வெளியான தற்காலிக எண். இறுதி எண் 80.09. இரண்டும் அரசு வெளியிட்டதுதான், உங்கள் 919-உம் 921-உம் போல. எதை எடுத்தாலும் தற்காலிகமா இறுதியா என்று சொல்லிவிட்டால் யாரும் மடக்க முடியாது. இணையப் பக்கத்திலிருந்து எடுப்பதானால், பக்கத்தின் முகவரியோடு பார்த்த தேதியையும் குறித்து, ஒரு படியும் சேமித்து வையுங்கள். அரசுத் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் முகவரி மாறும்.

கடைசியாக, உங்கள் உரையின் நான்காம் நிமிடத்தில் ‘கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார்’ என்று ஒரு வரி வருகிறது. கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் எந்தச் சுவரின் முன்னால் நின்று கேள்வி கேட்பார்கள் என்று அவர் விவரித்த இடம். ஏழு நிமிடத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவரும் ஆதாரம்தான். ஆய்வேட்டில் அவர் பெயர், வயது, ஊர், பேசிய தேதி, பேசிய இடம் ஆகியவற்றைத் தகவலாளர் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் அச்சில் பெயர் வருவதில் அவருக்குச் சம்மதமா என்று கேட்டீர்களா? கும்பகோணத்திலிருந்து ஒரு போன் போடுங்கள். வேண்டாம் என்றால் ‘கோயிலோடு தொடர்புடைய முதியவர் ஒருவர், உத்திரமேரூர்’ என்று போட்டுத் தேதியை மட்டும் தாருங்கள். சரி என்றால், தலைப்பெழுத்து என்ன என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.